மூச்ச அடக்கினா இதயத் துடிப்பு ஏன் குறையுது?

கேள்வி: ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கிட்டு மூச்ச அடக்கிப் பார்த்தேன், ஹார்ட் ரேட் நல்லா இறங்குது, நீச்சல் குளத்துல முங்கினா இன்னும் இறங்குது. தினமும் பண்ணலாமா சார்?

பதில்: இறங்குறது இயல்புதாங்க, பயப்படாதீங்க. மூச்ச நிறுத்தி, நெத்தி, கண்ணு, மூக்குப் பக்கம் ஜில்லுன்னு தண்ணி பட்டதும் முகத்து நரம்பு மூளைக்கு சேதி அனுப்பும், அங்கேருந்து வேகஸ் நரம்பு வழியா இதயத்துக்கு பிரேக் விழும், அதே நேரம் கை கால் ரத்தக்குழாய் சுருங்கி ரத்தம் மூளைக்கும் இதயத்துக்கும் முதல்ல போகும். சீல்ங்கிற கடல் விலங்குக்கு இது ரொம்பவே பலமா நடக்கும். மண்ணீரலும் சுருங்கி, ஆக்சிஜன் சுமக்குற சிவப்பணுக்கள ரத்தத்துக்குள்ள தள்ளும். இந்தோனேசியாவுல காலங்காலமா முத்துக்குளிக்கிற மாதிரி மூச்சடக்கி மீன் பிடிக்கிற பஜாவ் மக்களோட மண்ணீரல், பக்கத்து ஊர் சாலுவான் மக்களோடத விட சுமார் 50 சதவீதம் பெருசுன்னு 2018ல ஒரு ஆய்வு வந்துச்சு, எவ்ளோ ஆச்சரியம் பாருங்க!

வீட்டுல உக்காந்து பண்றதுன்னா பண்ணுங்க, ஆனா பிபி, இதயக் கோளாறு, வலிப்பு இருந்தா டாக்டர கேக்காம வேணாம், ஏன்னா துடிப்பு குறைஞ்சாலும் பிபி ஏறும். தண்ணிக்குள்ள தனியா பண்ணவே பண்ணாதீங்க. அதுலயும் முங்குறதுக்கு முன்னாடி வேகவேகமா மூச்சு இழுத்து விடுறது ரொம்ப ஆபத்து, கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சிடுறதால மூச்சு முட்டுற உணர்வே லேட்டா வரும், அதுக்குள்ள ஆக்சிஜன் தீர்ந்து மயக்கம் வந்துடும், நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களே இப்படி செத்துருக்காங்க.