போனற்றில் கண்ட இலக்கம் பிளேற்றுக்கு ஆகாது

கேள்வி: எங்கள் அப்பப்பா 1950களில் வாங்கிய வில்லிஸ் ஜீப் யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் வளவில் கிடுகுக் கொட்டிலுக்குள் நிற்கிறது. 1995 வரை மண்ணெண்ணெயில் ஓடியது. அந்த இடப்பெயர்வில் லொக் புக் (வாகனப் பதிவுப் புத்தகம்) தொலைந்துவிட்டது. அப்பப்பாவும் இப்போது இல்லை. பின்னால் ஈ.எல். எழுத்துப் பிளேற் ஒன்று தொங்குகிறது. போனற்றை உரஞ்சியபோது எம் என்று தொடங்கும் வெள்ளை இலக்கம் ஒன்றும் தெரிந்தது. அந்த இலக்கத்திலேயே பதிந்து, பழைய ஆமிப் பச்சையில் ஓட்டலாமா?

பதில்: முதல் வேலையாக உரஞ்சுவதை நிற்பாட்டுங்கள். போனற்றில் தெரிவது பிரித்தானிய இராணுவத்தின் இலக்கம். இரண்டாம் உலகப் போரில் கார், ஜீப் போன்ற சிறிய வாகனங்களுக்கு எம் எழுத்தைப் போட்டார்கள். அமெரிக்கப் படையிடம் இருந்த ஜீப் என்றால் யூ.எஸ்.ஏ. என்று தொடங்கியிருக்கும். வாகனத்தின் கதைக்கு அது தங்கம். படம் எடுத்து வையுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதற்கு ஒரு சதப் பெறுமதியும் இல்லை.

உங்களுக்கு உதவப்போவது அந்தத் தொங்கும் பிளேற். சிலோன் என்ற ஆங்கிலப் பெயரில் இருந்து இரண்டிரண்டு எழுத்தாக எடுத்து ஒருகாலத்தில் இலக்கம் கொடுத்தார்கள். 1957இல் வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. தமிழரசுக் கட்சியின் ஸ்ரீ எதிர்ப்பும் தார் பூசிய கதைகளும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். ஆகவே உங்கள் ஜீப் ஸ்ரீக்கு முந்திய பதிவு. அப்படியான வாகனத்துக்குப் புது இலக்கம் தேடி அலையத் தேவையில்லை. பிளேற்றில் உள்ள இலக்கத்தைத் திணைக்களத்தில் கொடுத்து, பதிவேட்டில் யாருடைய பெயர், என்ன செசி நம்பர், என்ன எஞ்சின் நம்பர் இருக்கிறது என்று ஒரு பதிவேட்டுச் சுருக்கம் எடுங்கள். மிச்ச வேலை எல்லாம் அந்தத் தாளில்தான் நிற்கிறது.

தாளில் உள்ளது இரும்பிலும் இருக்க வேண்டும். கனபேர் சறுக்குவது இங்கேதான். வில்லிஸ் எம்.பி. என்ற போர்க்கால ரகத்தில் செசி நம்பர் ஒரு சின்னத் தகட்டில் இருக்கும். முன் பம்பருக்குப் பின்னால், இடது செசிச் சட்டத்தின் உள்பக்கத்தில் அந்தத் தகடு ஆணியடித்திருக்கும். எஞ்சின் நம்பர் வலப்பக்கம், ஒயில் பில்டருக்குப் பின்னால் உள்ள மேட்டில். ஃபோர்ட் செய்த ஜீப் என்றால் தகடு இல்லை. இடது சட்டத்தின் மேலேயே நம்பரைக் குத்தி, இரு பக்கமும் நட்சத்திரம் போட்டிருப்பார்கள். எது என்று தெரியாவிட்டால் ரேடியேற்றருக்குக் கீழே குனிந்து பாருங்கள்: குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாய் என்றால் வில்லிஸ், கவிழ்த்த ப வடிவம் என்றால் ஃபோர்ட். முன் கிரில்லில் ஏழு துளைதான் இருக்கிறதென்றால் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். அது போருக்குப் பிறகு பொதுமக்களுக்கு விற்ற சி.ஜே. ரக ஜீப். போர்க்கால ஜீப்புக்கு ஒன்பது.

நம்பர் கண்ட இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மெல்லிய கடதாசி வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள். அதற்குப் பிறகுதான் கராஜ்காரரை விடலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் செசியை மணல் அடித்துப் பளபளப்பாக்கினார். தகடு கறளோடு போய்விட்டது. பிறகு பரிசோதகருக்குக் காட்ட அவரிடம் ஒன்றும் இல்லை. இல்லாத நம்பரைத் திரும்பக் குத்தித் தருகிறேன் என்று யாரும் வந்தால் வாசலோடு அனுப்புங்கள், அது குற்றம்.

எஞ்சின் மாறியிருந்தால் மறைக்க வேண்டாம். 2.2 லீற்றர் பெற்றோல் எஞ்சினைக் கழற்றி டீசல் பூட்டிய ஜீப்புகள் எத்தனையோ. எஞ்சின் நம்பர், எரிபொருள், நிறம் மூன்றும் புத்தகத்தில் உள்ளவை. மாறியதை அறிவித்துத் திருத்தலாம், பிடிபட்டபின் விளக்குவதுதான் கடினம்.

புத்தகம் தொலைந்ததற்குப் பொலிஸ் முறைப்பாடும், சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக் கடதாசியும் வேண்டும். பதிவு அப்பப்பா பெயரில் இருந்தால், மரணச் சான்றிதழோடு மற்ற உரித்தாளர்களும் சம்மதிக்க வேண்டும். கனடாவில் இருக்கிற சித்தப்பாவும் இதில் அடக்கம். சொத்துக்கு மரணசாதன வழக்கு (இறந்தவரின் சொத்தைப் பொறுப்பேற்கும் வழக்கு) ஏற்கெனவே போட்டிருந்தால் ஜீப் அதில் இருக்கிறதா என்று சட்டத்தரணியைக் கேளுங்கள். பழைய வரி நிலுவை கேட்டால் அதிர்ச்சி அடையாமல் போங்கள். லண்டன் சொந்தங்கள் சொல்லும் '40 வருஷம் தாண்டினால் வரி இல்லை' என்ற கதை பிரித்தானியச் சட்டம், இங்கே எடுபடாது.

பச்சை நிறம் பற்றி என் சொந்தக் கருத்து: வேண்டாம். வெள்ளை நட்சத்திரம், இராணுவப் பாணி இலக்கம் இரண்டும் அறவே வேண்டாம். காவலரணில் விளக்கம் சொல்வது ஒருபுறம் இருக்க, அந்த நிறத்தில் ஒரு ஜீப் ஒழுங்கைக்குள் திரும்பினால் எங்கள் ஊரில் இன்னும் சிலர் படலையைச் சாத்துவார்கள். பதிவேட்டில் என்ன நிறம் இருக்கிறதோ அதையே அடியுங்கள். ஸ்ரேறிங் இடப்பக்கம் என்பதால் பின்னால் லெஃப்ற் ஹான்ட் ட்ரைவ் என்று எழுதுங்கள். இந்த ஜீப்புக்குச் சிக்னல் லைற் கிடையாது, 6 வோல்ற் வெளிச்சமும் மங்கல். இரண்டையும் சரிசெய்து கொண்டே பரிசோதனைக்குப் போங்கள்.

கடைசியாக இன்சூரன்ஸ், புகைப் பரிசோதனை, பிரதேச செயலகத்தில் வரிப்பத்திரம். புகையில்தான் உங்கள் ஜீப் மாட்டும். மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினில் வால்வும் பிஸ்ரன் தலையும் கரி பிடித்திருக்கும். ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, ராங்கைக் கழுவி, காபரேற்றரைப் பெற்றோலுக்குத் திரும்பச் செற் பண்ணாமல் அங்கே போய்க் காசைக் கட்டாதீர்கள்.