கருவி தரும் பட்டியலை அப்படியே ஏற்கலாமா?

கேள்வி: மண்டபத்தில் நாங்கள் மூவர் சேர்ந்து, நாட்டுப்படகு மீனவர்களுக்காகக் கடல் எல்லை எச்சரிக்கைச் செயலி ஒன்றை உருவாக்கி வருகிறோம். மீனவர்கள் கூறிய தேவைகள் 120, எங்கள் வடிவமைப்புக் குறிப்புகள் 90. எந்தத் தேவை எந்தக் குறிப்பில் நிறைவேறுகிறது என்று ஒரு தானியங்கிக் கருவி பட்டியல் தருகிறது. அதை அப்படியே ஏற்கலாமா?

பதில்: ஏற்கக் கூடாது, அதற்காகக் கருவியைக் கைவிடவும் கூடாது. ஒவ்வொரு தேவையையும் ஒவ்வொரு குறிப்போடும் ஒப்பிட்டால் 10,800 இணைகள் வரும். அத்தனையையும் மூவர் கவனம் சிதறாமல் படிப்பது இயலாது. இவ்வகைக் கருவிகளில் பல, இரு பத்திகளுக்கும் பொதுவான சொற்களைப் பார்த்து, எங்கும் வருகிற 'படகு' போன்ற சொல்லுக்குக் குறைவாகவும் அரிதான சொல்லுக்குக் கூடுதலாகவும் எடை தந்து மதிப்பெண் இடுகின்றன. 'சிக்னல் கிடைக்காத இடத்திலும் இயங்க வேண்டும்' என்ற தேவைக்கு 'வரைபடம் செல்பேசியிலேயே சேமிக்கப்படும்' என்ற குறிப்பே விடை என்பது கடலுக்குப் போய்வந்தவருக்கு உடனே விளங்கும். பொதுச்சொல் ஒன்றுகூட இல்லாததால் அத்தகைய கருவி அதைத் தவறவிடும். 'படகுப் பதிவு எண்', 'பயண வழிப் பதிவு' இரண்டையுமோ ஒரு சொல்லை நம்பி இணைத்துவிடும். உங்கள் ஆவணங்கள் தமிழில் இருந்தால், 'எல்லை', 'எல்லையை', 'எல்லைக்குள்' ஆகியவற்றை ஒரே சொல்லாக அது கொள்கிறதா என்பதையும் சோதியுங்கள்.

மனிதர் பார்த்தாலே பட்டியல் திருந்திவிடும் என்றும் எண்ண வேண்டாம். மென்பொருள் ஆய்வாளர்கள் ஜேன் ஹேய்ஸ், அலெக்ஸ் டெக்தியார் உள்ளிட்டோர் இத்தகைய பட்டியல்களைச் சரிபார்ப்பவர்களைப் பற்றி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பிழை மலிந்த பட்டியலைப் பெற்றவர்கள் அதைப் பெரும்பாலும் மேம்படுத்தினார்கள். நல்ல பட்டியலைப் பெற்றவர்களோ சரியான இணைப்புகளை நீக்கியும் தவறானவற்றைச் சேர்த்தும் அதன் தரத்தைக் குறைத்தார்கள். கருவியை மேம்படுத்தினால் போதும் என்று நம்பியிருந்த என்னை மிகவும் யோசிக்க வைத்த முடிவு இது.

ஆகவே, எல்லை எச்சரிக்கையைச் சார்ந்த தேவைகளுக்கு மட்டும், பட்டியலைத் திறப்பதற்கு முன்பே இருவர் தனித்தனியாக இணைப்புகளை எழுதி வையுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். அங்கே ஓர் இணைப்பு விடுபட்டால், படகில் இருப்பவர் கைதாக நேரிடலாம். மற்றவற்றில், மதிப்பெண் குறைந்த இணைப்புகளையும் கருவி காட்டட்டும். விடுபட்டதைத் தேடுவதைவிடத் தவறானதை நீக்குவது எளிது. நீக்கும்போது காரணத்தை ஒரு வரியில் குறியுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் எந்தக் குறிப்போடும் சேராமல் நிற்கும் தேவைகளை எடுத்துக்கொண்டு, அவற்றைச் சொன்ன மீனவர்களிடமே போய்ப் பேசுங்கள்.