தண்ணீர் எங்கே போகிறது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பல வருடங்களாக லாஸ் வேகாஸில் வசிக்கிறேன். அம்மா இறந்த பிறகு அப்பாவை இங்கே அழைத்துவந்தேன். அருப்புக்கோட்டைப் பக்கம் மானாவாரி விவசாயம் பார்த்தவர். வந்ததிலிருந்து பேச்சே குறைந்துவிட்டது. மூட்டுவலிக்கு நல்லது என்று நண்பர்கள் சொன்னதால் போன மாதம் டெக்கோபா வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிப்போனேன். கலிஃபோர்னியாவில், மரணப் பள்ளத்தாக்குக்குக் கிழக்கே இருக்கிறது. காரில் ஒன்றரை மணி நேரம். வெளுத்த களிமண் மேடுகள், ஒன்றுமில்லாத பொட்டல். அங்குள்ள குளியல் கூடத்தில் ஆடையில்லாமல் குளிப்பதுதான் வழக்கம் என்றார்கள். கூச்சமாக இருந்ததால் திறந்தவெளியில் இருந்த சேற்றுக்குட்டைக்குப் போனோம். அப்பா வெந்நீரில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “இந்தத் தண்ணி எங்கிட்டுடா போகுது?” பாலைவனம்தானே, எங்கேயாவது வற்றிப்போகும் என்றேன்.

இவ்வளவு நல்ல இடத்தை இப்படிப் போட்டு வைத்திருக்கிறார்களே, நாலு படிக்கட்டு, கைப்பிடி, உட்கார ஒரு மேடை என்று கொஞ்சம் வசதி செய்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். மனம் லேசானது, அமைதியாக இருந்தது என்று எழுதினேன், நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. பயண அனுபவத்தை உடனே எழுதிவிட வேண்டுமா, ஆறப்போட்டு எழுத வேண்டுமா? வெந்நீர் ஊற்றுக்கு நோய் தீர்க்கும் சக்தி உண்மையிலேயே உண்டா?

க., லாஸ் வேகாஸ்

அன்புள்ள க.,

கடிதத்தைப் படித்ததிலிருந்து உங்கள் அப்பாவையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். துணையைப் பறிகொடுத்துவிட்டு, பேச ஆளில்லாத ஊரில் வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு மானாவாரி விவசாயி. தண்ணீரைக் கண்டதும் அவருக்கு வாய் திறந்திருக்கிறது. உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரே நல்ல கேள்வி அவருடையது. அதைத்தான் நீங்கள் ஒரு வரியில் தட்டிவிட்டீர்கள். எனக்கு அதில் கோபம்தான்.

ஆடை விஷயத்தில் சொல்ல ஒன்றுமில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கூடம் வைத்து அந்த ஊர் பின்பற்றிவரும் வழக்கம் அது. அப்பாவைக் கேட்டிருந்தால் கம்மாயில் குளித்து வளர்ந்தவர் பேசாமல் உள்ளே போயிருப்பார்.

தண்ணீருக்கு வருகிறேன். அங்கே அமர்கோசா என்றொரு ஆறு இருக்கிறது. பெரும்பாலும் மண்ணுக்கடியில் போகும் ஆறு. ஷோஷோனி, டெக்கோபா பக்கம் மேலே வந்து முகம் காட்டும். தெற்கே போய், வளைந்து வடக்கே திரும்பி, மரணப் பள்ளத்தாக்குக்குள் இறங்கும். கடலைப் பார்க்காமலே, கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கும் பேட்வாட்டர் உப்புப் படுகையில் முடிந்துபோகும். ஊற்றுத் தண்ணீர் அந்த ஆற்றை நோக்கிக் கசிந்து போகிற வழியெல்லாம் சதுப்பு, கோரை. அந்தக் கோரைக்குள் அமர்கோசா வோல் என்று ஓர் எலியினம் வாழ்கிறது. அழிந்தே போய்விட்டது என்று கைவிடப்பட்டு, 1970களில் மறுபடி கண்ணில் பட்டது. அந்த ஆற்றோரச் சதுப்பை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. நீங்கள் ‘ஒன்றுமில்லாத பொட்டல்’ என்று எழுதுகிறீர்கள்.

இன்னொன்றும் அங்கே இருந்தது. டெக்கோபா பப்ஃபிஷ். சுண்டுவிரல் நீளம்கூட வராத மீன். ராபர்ட் ரஷ் மில்லர் என்ற மீனியல் அறிஞர் 1948இல் அதை முதன்முதலாக விவரித்துப் பெயர் வைத்தார். வடக்கு ஊற்று, தெற்கு ஊற்று என்று இரண்டு. அவற்றிலிருந்து வெளியேறும் ஓடையில்தான் அதன் குடித்தனம். நாம் குளிக்கும் வெந்நீர் அளவுக்கு, நாற்பது டிகிரிச் சூட்டிலும் பாசியை மேய்ந்துகொண்டு வாழ்ந்த மீன். பனியுகத்தில் அங்கெல்லாம் பெரிய ஏரிகள் இருந்தன. ஏரிகள் வற்ற வற்ற, மிஞ்சிய ஊற்றுகளில் ஒதுங்கிய மீன்கள் ஒவ்வொன்றும் அந்தந்த ஊற்றுக்கே உரிய இனமாகிவிட்டன.

அதற்குப் பிறகு அங்கே வசதி செய்தார்கள். உங்களுக்குத் தோன்றிய அதே வசதிதான். 1950களிலும் 60களிலும் குளிக்க ஆட்கள் பெருகினார்கள். ஊற்றுக்கண்ணை அகலப்படுத்திக் குளியல் கூடம் கட்டினார்கள். இரண்டு ஊற்றின் ஓடைகளையும் ஒன்றாக்கி, நேராக வெட்டிவிட்டார்கள். பார்ப்பதற்குச் சுத்தமாக இருந்திருக்கும். ஆனால் மெதுவாகப் பரந்து ஆறிக்கொண்டே போன தண்ணீர் இப்போது வேகம் பிடித்து, சூடு குறையாமல் வெகுதூரம் ஓடியது. மேய்வதற்கு இருந்த ஆழமில்லாத ஓரங்கள் போய்விட்டன. மீன் கீழே தள்ளப்பட்டது. கீழே வெளியூரிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்கள் காத்திருந்தன. 1970இல் அழியும் நிலையிலுள்ள இனம் என்று பட்டியலில் சேர்த்தார்கள். 1982இல், அழிந்துவிட்டது என்று சொல்லி அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவின் அருகிய உயிரினச் சட்டத்தின் கீழ் அப்படிப் பெயர் நீக்கப்பட்ட முதல் உயிர் அதுதான். அங்கே யாரும் விஷம் கலக்கவில்லை. அந்த மீன்மேல் யாருக்கும் பகையும் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் உங்களைப் போல நல்லவர்கள், மூட்டுவலிக்காரர்கள், அப்பாவைக் கூட்டிவந்த பிள்ளைகள்.

உங்கள் கடிதம் வந்தபோது எங்கள் ஊர் ஊருணியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ராமநாதபுரத்துக்காரனுக்குக் குடிதண்ணீர் என்றால் ஊருணிதான். கரையிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். காலை உள்ளே நனைக்கக் கூடாது. கோடையில் தண்ணீர் இறங்கியதும் அப்பத்தா மணலைத் தோண்டி, ஊறி வருவதைக் கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுவாள். கலங்கிவிடாமல் இருக்க ஒவ்வொரு முறையும் கொட்டாங்கச்சியைச் சாய்த்துப் பிடிப்பாள். குடம் நிறைய அரைமணி நேரம் ஆகும். அவசரப்பட்டு ஒரு நாளும் பார்த்ததில்லை. பிறகு ஊருணியை மேம்படுத்தினார்கள். நாலு பக்கமும் சுவர், சிமெண்ட் படி, இரும்புக் கதவு. வரத்துக்கால் எந்தப் பக்கம் என்று பெரியவர்கள் யாரையும் கேட்கவில்லை. சுவர் வரத்தை அடைத்துவிட்டது. மழைத் தண்ணீர் சுவருக்கு வெளியே நின்றது, உள்ளே படிக்கட்டு காய்ந்தது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்காமல் கட்டப்படும் எந்த வசதியும் எனக்கு ஆகாது. மேடை போடுங்கள், கைப்பிடி வையுங்கள் என்று யார் பேச வந்தாலும் நான் முதலில் கேட்பது அதைத்தான். அருப்புக்கோட்டைக்காரர் உங்களுக்குச் சொல்ல வந்ததும் அதுதான் க., நீங்கள்தான் காதில் வாங்கவில்லை.

எல்லா இடத்திலும் இப்படி முடிந்துவிடவில்லை. டெக்கோபாவிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நெவாடா எல்லைக்குள் ஆஷ் மெடோஸ் வரும். அங்கே டெவில்ஸ் ஹோல் என்று ஒரு பாறைப் பிளவு. நண்பர்களோடு போயிருக்கிறேன். மேலே கம்பிவேலி, கேமராக்கள். வெகு கீழே, நிழலில், 33 டிகிரிச் சூட்டில் ஒரு துண்டுத் தண்ணீர். ஆழம் நூறு மீட்டருக்கு மேல் போகிறது. ஆனால் அங்குள்ள பப்ஃபிஷ் முட்டையிடுவது விளிம்பை ஒட்டிய ஒரு சிறு பாறைத் திட்டில். பக்கத்துப் பண்ணைக்காக நிலத்தடி நீரை இறைத்தபோது நீர்மட்டம் இறங்கி அந்தத் திட்டு வெளியே தெரிய ஆரம்பித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1976இல், மீனுக்குத் தேவையான மட்டத்தைக் காப்பாற்றும் அளவுக்கு இறைப்பைக் குறைக்க வேண்டும் என்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த மீனைக் கொல்லுங்கள் என்று காரில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள் இருந்த காலம் அது. 2013இல் எண்ணியபோது 35 மீன்தான் மிஞ்சியிருந்தது. ஆனாலும் இனம் அறவில்லை.

மேலிருந்து பார்த்தால் மீன் தெரியாது. இவ்வளவு தூரம் வந்து ஒன்றையும் காணோமே என்று நண்பர் சலித்துக்கொண்டார். நான் வேலியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒன்றுக்காக ஒரு நாடு பம்புசெட்டை நிறுத்தியிருக்கிறது! எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதே ஆஷ் மெடோஸில் பாயிண்ட் ஆஃப் ராக்ஸ் என்ற இடத்தில் மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். அங்கே வேறொரு பப்ஃபிஷ்ஷைக் கண்ணாரப் பார்க்கலாம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீன் பளீரென்ற நீலமாகிவிடும். உள்ளங்கையகல இடத்தைத் தனதாக்கிக்கொண்டு, அந்தப் பக்கம் வருகிறவனை எல்லாம் விரட்டிவிட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் நிற்கும். கரையில் மெஸ்கீட் மரங்கள். நம்மூர்ச் சீமைக்கருவேலத்தின் பங்காளிதான், ஆனால் அங்கே அது மண்ணின் மரம். உங்கள் அப்பா இலையைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார்.

நாலு வரிக்கு மேல் எழுத வரவில்லை என்கிறீர்கள். வேறெப்படி வரும்? உங்கள் மனம் லேசானதை எழுதிவிட்டீர்கள், அமைதியை எழுதிவிட்டீர்கள், அதோடு கைச்சரக்கு தீர்ந்துவிட்டது. ஊற்றைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. உடனே எழுதுவதா ஆறப்போடுவதா என்பதெல்லாம் அதற்கப்புறம் பேச வேண்டியது.

மறுபடியும் போங்கள். மே மாதத்துக்கு முன்பே போங்கள், அதற்குமேல் அந்த வெயில் வயதானவர்களுக்கு ஆகாது. குட்டையை விட்டுவிட்டுக் குளியல் கூடத்துக்கே போய்க் குளியுங்கள், கோரையை மிதிக்காமல் இருக்கலாம். குளித்து முடித்து வடக்கே ஷோஷோனிக்கு ஓட்டுங்கள், கால் மணி நேரம்தான். அந்த ஊர் மீனும் தொலைந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தார்கள். 1986இல் ஊற்றையொட்டிய வாய்க்காலில் மறுபடி கிடைத்தது. ஊர்க்காரர்களே அதற்குக் குளங்கள் வெட்டிக் காப்பாற்றி வருகிறார்கள். அப்பாவுக்கு அந்தக் குளங்களைக் காட்டுங்கள். யார் வெட்டினது, வரத்து எங்கிட்டு இருந்து என்று கேட்பார். அவர் கேட்பதையெல்லாம் எழுதி எனக்கு அனுப்புங்கள், அப்படியே வெளியிடுகிறேன்.

வெந்நீரில் உட்கார்ந்தால் வலி கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். மூட்டுக்கு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், தள்ளிப்போடாதீர்கள். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.