பாங்காக்கில் நீட்டித்த விசா, கோலாலம்பூர் போய்வந்தால் செல்லுமா?

கேள்வி: மகளின் பிரசவத்துக்காகக் கோவையிலிருந்து ஜனவரி 10-ஆம் தேதி பாங்காக் வந்தேன். ஒருமுறை நுழைவுக்கான டூரிஸ்ட் விசா. மார்ச் 10 வரை தங்கலாம் என்று பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கிறது. ஊர் திரும்ப ஏப்ரல் 8-க்கு டிக்கெட். நடுவில் மார்ச் 20 முதல் 27 வரை நாத்தனார் மகன் கல்யாணத்துக்காகக் கோலாலம்பூர் போகவேண்டும். முதலில் விசாவை நீட்டித்துவிட்டுப் போவதா, போய்வந்து நீட்டிப்பதா? போய்வந்தால் நீட்டித்தது வீணாகும் என்று மாப்பிள்ளை சொல்கிறார்.

பதில்: மாப்பிள்ளை சொல்வதில் பாதி சரி. ஆனால் ‘போய்வந்து நீட்டிக்கலாம்’ என்ற வழி உங்களுக்கு இல்லை. மார்ச் 10-க்கும் 20-க்கும் நடுவே பத்து நாள் இருக்கிறதே, அந்த நாட்களில் எந்த அனுமதியில் தங்குவீர்கள்? கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 500 பாட் அபராதம், உச்சவரம்பு 20,000 பாட். பணம் போனால் போகட்டும் என்றாலும் அது குடியேற்றத் துறையின் பதிவில் நிற்கும். அதனால் நீட்டிப்பு முதலில்.

விசாவும் தங்கும் அனுமதியும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். விசா என்பது உள்ளே வருவதற்கான சீட்டு. உங்களுடையது ஒருமுறைக்கானது, ஜனவரி 10 அன்றே கிழித்தாயிற்று. இப்போது உங்களிடம் மிச்சம் இருப்பது முத்திரையில் உள்ள தேதி மட்டும்தான். நீட்டிப்பு என்பது அந்தத் தேதியைத் தள்ளிவைப்பது. நாட்டை விட்டு வெளியேறிய நிமிடமே அந்தத் தேதி செத்துப்போகும்.

சாகாமல் இருக்க ஒரு வழி உண்டு. அதன் பெயர் ரீ-என்ட்ரி பர்மிட். அந்தக் காலத் தியேட்டரில் இடைவேளையில் வெளியே போகிறவர்கள் கையில் ஒரு பாஸ் கொடுப்பார்களே, அதேதான். பாஸ் இருந்தால் திரும்ப உள்ளே விடுவார்கள். ஆனால் நீங்கள் டீ குடித்து முடிக்கும்வரை படம் நிற்காது. கல்யாண வீட்டில் இருக்கும் எட்டு நாளும் உங்கள் கணக்கில்தான் கழியும்.

உங்கள் தேதிகளை வைத்தே பார்ப்போம். நீட்டிப்பில் 30 நாள் கிடைத்தால் ஏப்ரல் 9 வரை தங்கலாம். 8-ஆம் தேதி டிக்கெட்டுக்கு ஒரே ஒரு நாள்தான் உபரி. புதுத் தேதி பழைய கெடு முடிவிலிருந்து எண்ணப்படும், விண்ணப்பித்த நாளிலிருந்து அல்ல. எனவே முன்கூட்டியே போனால் நாள் குறையுமோ என்ற பயம் வேண்டாம். மார்ச் முதல் வாரத்திலேயே போய்விடுங்கள். கடைசி நாளுக்கு வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பார்த்து தாய்லாந்தில் அரசு விடுமுறை என்றால் யாரை நோவது?

பாங்காக்கில் இந்த வேலை சேங் வத்தனா சாலையில் உள்ள அரசு வளாகத்தின் பி கட்டடத்தில் நடக்கிறது. பிங்க் லைன் மோனோரயில் அந்தப் பக்கம் போகிறது. மதியம் ஒரு மணி நேரம் கவுண்டர்களை மூடிவிடுவார்கள், காலையில் போவதே நல்லது. படிவம் டி.எம்.7, கட்டணம் 1,900 பாட், 4க்கு 6 சென்டிமீட்டர் புகைப்படம் ஒன்று. பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கம், விசா, நுழைவு முத்திரை மூன்றுக்கும் நகல் எடுத்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போடுங்கள். இன்னொன்றையும் மறக்கவேண்டாம். வெளிநாட்டவர் தங்கியிருப்பதை வீட்டுக்காரர் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்கவேண்டும், அதற்கு டி.எம்.30 என்று பெயர். மகள் வீட்டில் இருக்கிறீர்கள் என்பதால் இதை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். கவுண்டரில் அந்த ரசீதைக் கேட்டுத் திருப்பி அனுப்பினால் ஒரு நாள் போச்சு.

நீட்டிப்பு அதிகாரியின் விருப்பத்துக்கு உட்பட்டது. டூரிஸ்ட் விசாவுக்கு வழக்கமாகக் கொடுத்துவிடுகிறார்கள். மறுத்தால் கிளம்புவதற்கு 7 நாள் கொடுப்பார்கள். கட்டிய பணம் திரும்பாது.

முத்திரை விழுந்த கையோடு அதே இடத்தில் டி.எம்.8 படிவம் கொடுத்து ரீ-என்ட்ரி பர்மிட்டும் வாங்கிக்கொள்ளலாம். ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. சுவர்ணபூமி விமான நிலையத்திலும் கொடுக்கிறார்கள். ஆனால் வெளியேறும் முத்திரை விழுவதற்கு முன்பு வாங்கவேண்டும், விழுந்தபின் ஒன்றும் செய்ய முடியாது. பெட்டியைத் தள்ளிக்கொண்டு, விமானத்துக்கு நேரமாகிறதே என்ற பதற்றத்தில் வரிசையில் நிற்பதைவிட முன்பே முடித்துவிடுவது மேல்.

சரி, இது உங்களுக்கு அவசியம்தானா? இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2024 ஜூலை 15 முதல் விசா இல்லாமலேயே 60 நாள் அனுமதி என்று தாய்லாந்து அறிவித்தது. அது இன்னும் நடைமுறையில் இருந்தால், பர்மிட் இல்லாமல் போய்விட்டு 27-ஆம் தேதி புதுப் பயணியாகவே உள்ளே வரலாம். 1,000 பாட் மிச்சம், நாளும் அதிகம். கணக்குப் பார்த்தால் இதுதான் லாபம். இருந்தும் நான் உங்களுக்கு பர்மிட்டைத்தான் சொல்வேன். புதுப் பயணியாக வந்தால் திரும்பும் டிக்கெட் எங்கே, கையில் பணம் எவ்வளவு, இவ்வளவு நாள் இங்கே என்ன செய்தீர்கள் என்று முதலிலிருந்து கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. விசா இல்லாத சலுகை நாட்களைக் குறைப்பது பற்றியும் அங்கே பேச்சு அடிபட்டது. தனியாகப் பயணம் செய்யும் உங்களுக்கு, ஏற்கெனவே வாங்கிய தேதியோடு வருவது நிம்மதி.

ஒரு சந்தேகம்: மாப்பிள்ளையும் கல்யாணத்துக்கு வருகிறாரா? அப்படியென்றால் உங்களைவிட அவருக்குத்தான் இது முக்கியம். வேலை நிமித்தம் ஓராண்டு நீட்டிப்பில் இருப்பவர் பர்மிட் இல்லாமல் ஒரு நாள் வெளியே போய்வந்தாலும் அந்த ஓராண்டு போய்விடும். பிறகு விசாவிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். அவரைப் போன்றவர்கள் 3,800 கொடுத்துப் பலமுறைக்கானதை எடுத்து வைத்துக்கொள்வது வழக்கம். அவரைச் சார்ந்த விசாவில் மகள் இருந்தால் மகளுக்கும் இதே விதி, தனி பர்மிட்.

மலேசியாவுக்குப் புறப்படும் முன் மூன்று நாட்களுக்குள் அந்நாட்டின் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்புங்கள். திரும்பும்போது தாய்லாந்துக்கும் அதேபோல ஒன்று, 2025 மே 1 முதல் கட்டாயம். இரண்டும் இலவசம். பணம் கேட்கும் இணையதளம் எதுவாக இருந்தாலும் அது அரசின் தளம் அல்ல, மூடிவிடுங்கள். தாய்லாந்து அட்டையில் விசா எண் கேட்கும் இடத்தில் ரீ-என்ட்ரி பர்மிட்டின் எண்ணை எழுதவேண்டும், தீர்ந்துபோன பழைய விசா எண்ணை அல்ல.

பாங்காக் திரும்பி இறங்கியதும், விமான நிலையக் குடியேற்றக் கவுண்டரில் பாஸ்போர்ட்டை அப்படியே நீட்டாதீர்கள். பர்மிட் உள்ள பக்கத்தைப் பிரித்து, விரலால் தொட்டுக் காட்டி “ரீ-என்ட்ரி” என்று சொல்லுங்கள். கூட்ட நேரத்தில் அதிகாரி அதைக் கவனிக்காமல் புதுப் பயணி முத்திரையைக் குத்திவிடுவது உண்டு. அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட்டால் திருத்துவது பெரும்பாடு. அதனால் பின்னால் நிற்பவர் முணுமுணுத்தாலும் பரவாயில்லை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முத்திரையைப் படியுங்கள். ஏப்ரல் 9 என்று இருந்தால் பாஸ்போர்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு பெட்டி எடுக்கப் போகலாம்.