போட்டோஷாப் கேள்வி பதில்: பேய்முகப் படங்கள்

காய்ந்து வெடித்த ஏரி மண்ணைப் படமெடுத்து, நண்பரின் முகத்தின்மேல் லேயராக (தனி அடுக்காக) வைத்து, மல்டிப்ளை என்ற கலப்பு முறையைக் கொடுத்தேன். தோல் வெடித்ததுபோல் இல்லை, ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் இருக்கிறது. ஏன்?
- வாசகர், சேலம்

மல்டிப்ளை நிறத்தைத்தான் கலக்கும், கோடுகளை வளைக்காது. மூக்குத்தண்டையும் கன்னமேட்டையும் கண்டுகொள்ளாமல் வெடிப்பு நேராக ஓடினால் கண் ஏமாறாது. ஒரு படத்தின் வெளிச்சம் இருட்டுக்கு ஏற்ப இன்னொரு படத்தை நகர்த்தி வளைக்கும் டிஸ்பிளேஸ் ஃபில்டர் இதற்குத்தான் இருக்கிறது.

முகப் படத்தின் நகலைக் கறுப்பு வெள்ளையாக்கி, 3 முதல் 5 பிக்சல் காஸியன் பிளர் (படத்தை மங்கலாக்கும் ஃபில்டர்) கொடுத்து, போட்டோஷாப்பின் பி.எஸ்.டி. வகைத் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். படம் பெரிதென்றால் பிளரையும் கூட்டுங்கள். பிளரை விட்டுவிட்டால் ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் மண் கோடு பிய்ந்து நொறுங்கும். பிறகு மண் லேயரில் ஃபில்டர், டிஸ்டார்ட், டிஸ்பிளேஸ் போய், இரு பக்க அளவையும் 10 என்று வைத்து, அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். நடுச்சாம்பல் இருக்கும் இடம் நகராது; அதைவிட வெளிறிய இடமும் கறுத்த இடமும் எதிரெதிர்த் திசையில் நகரும். ஆகவே நேர் ஃபிளாஷ் அடித்துத் தட்டையாக எடுத்த முகத்தில் இந்த வித்தை பலிக்காது. பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த முகம் வேண்டும்.

அடுத்து மாஸ்க், அதாவது லேயரில் வேண்டாத இடத்தை மறைக்கும் திரை. கண், உதடு, மூக்குத் துளை, முடியோரம் இவற்றிலிருந்து மண்ணை மென்மையான பிரஷ்ஷால் அழியுங்கள். லேயர் ஸ்டைலில் 'பிளெண்ட் இஃப்' பகுதியில், கீழ் லேயருக்கான வெள்ளை முனையை ஆல்ட் பிடித்துப் பிரித்து உள்ளே இழுத்தால், நெற்றியின் பளபளப்பு மண்ணுக்கு மேலே எழும்பும்.

பலர் கோட்டைவிடுவது வெளிச்சத் திசையில். மண்ணில் வெயில் இடமிருந்தும், முகத்தில் விளக்கு வலமிருந்தும் விழுந்தால், வெடிப்பு பள்ளமாகத் தெரியாமல் நரம்புபோல் புடைத்துத் தெரியும். டிஸ்பிளேஸுக்கு முன்பே மண் படத்தை இடவலமாகப் புரட்டிவிடுங்கள். இவ்வளவும் சரியாக அமைந்தால் ரத்தத் துளிகளுக்கு வேலையே இல்லை!

கண்ணை முழுக்கக் கறுப்பாக்கினால் ஓட்டை போட்டதுபோல் ஆகிவிடுகிறதே?
- வாசகி, தூத்துக்குடி

சுத்தக் கறுப்பை ஊற்றினால் விழியின் உருண்டையும் ஈரமும் போய்விடும். ஆர்.ஜி.பி. (சிவப்பு, பச்சை, நீலம்) மூன்றும் 15 அளவில் உள்ள கறுப்பைப் பூசுங்கள். விழியின் கீழ்ப்பாதியை ஒரு நூல் வெளுப்பாக விடுங்கள். பழைய கண்ணில் இருந்த ஒளிப்புள்ளியை நகலெடுத்து, வெளிச்சத்தை மட்டும் கூட்டும் ஸ்கிரீன் கலப்பு முறையில் அதே இடத்தில் மேலே வையுங்கள். கீழிமையின் ஈரக்கோட்டைத் தொடாதீர்கள். கண்குழியை ஆழமாக்க, 50% சாம்பல் நிரப்பிய லேயரை சாஃப்ட் லைட் கலப்பு முறையில் வைத்து, இருட்டாக்கும் பர்ன் கருவியை 5 முதல் 10% எக்ஸ்போஷரில் பலமுறை ஓட்டுங்கள். ஒரே இழுப்பில் கறுப்பாக்கினால் மை அப்பியதுபோல் இருக்கும்.

இருண்ட பின்னணி பட்டை பட்டையாகத் தெரிகிறது. பிரிண்ட்டிலோ பாதி முகம் காணாமல் போகிறது.
- வாசகர், திருச்சி

8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். இருட்டுப் பகுதிக்கு அதில் கிடைப்பது சொற்பம். கிரேடியன்ட் (படிப்படியாக மாறும் நிறம்) போடுவதற்கு முன்பே 16 பிட்டுக்கு மாறுங்கள். பட்டை விழுந்த பிறகு மாறினால் போகாது. கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே 2% அளவில் ஒற்றை நிற நாய்ஸ் (பொடிப்பொடிப் புள்ளிகள்) சேர்த்தால் மிச்சப் பட்டை மறையும். வெவ்வேறு கேமராவில் எடுத்த துண்டுகளும் ஒரே படம்போல் இழையும்.

பிரிண்ட்டுக்குத் தனி நகல் எடுத்து, வெளிச்ச அளவை மாற்றும் கர்வ்ஸில் இருண்ட பகுதியைச் சற்று உயர்த்துங்கள். திரை பின்னாலிருந்து ஒளிர்கிறது, தாள் அப்படியில்லை. திரையின் பிரகாசத்தைக் குறைத்துவைத்து எடிட் செய்து, ஒரு சின்ன அளவு பிரிண்ட் பார்த்த பிறகே பெரிதாகக் கொடுங்கள்.