வாசகர் கேள்வி – பதில்: டோக்கியோவின் காப்பி வறுவல் கூடம்

கேள்வி: என் மகள் குடும்பம் டோக்கியோவில் இருக்கிறது. மார்ச் மாதக் கடைசியில் நானும் கணவரும் அங்கே போகிறோம். நகாமெகுரோவில் இருக்கும் ஸ்டார்பக்ஸ் காப்பி வறுவல் கூடத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார் மாப்பிள்ளை. எங்கள் ஊரிலேயே கிளை வைத்திருக்கும் ஒரு கடைக்காக அவ்வளவு தூரம் போய்ப் பணத்தைக் கொட்ட வேண்டுமா? – ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மாப்பிள்ளை சொல்வதைக் கேளுங்கள். ஆனால் காப்பி குடிக்கப் போவதாக எண்ணாமல், காப்பிக் கொட்டை வறுபடுவதைப் பார்க்கப் போவதாக எண்ணிக்கொண்டு போங்கள். அப்போதுதான் கொடுக்கிற பணம் உறுத்தாது. பெரும்பாலான பானங்களின் விலை ஆயிரம் யென்னை ஒட்டியோ அதற்கு மேலோதான் இருக்கும். அந்தத் தொகையைக் கோப்பையில் இருப்பதற்கு மட்டும் கொடுத்ததாகக் கணக்குப் பார்த்தால் மனம் ஒப்பாது; நுழைவுச் சீட்டும் அதில் அடக்கம் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

இந்த நிறுவனம் தன் முதல் வறுவல் கூடத்தை 2014 டிசம்பரில், தான் பிறந்த சியாட்டில் நகரில் திறந்தது. பிறகு ஷாங்காய், மிலான், நியூயார்க் என்று வரிசையாக வந்து, 2019 பிப்ரவரியில் டோக்கியோவுக்கும் அதே ஆண்டு நவம்பரில் சிகாகோவுக்கும் வந்து சேர்ந்தது. முதன்முதலாகத் திறந்த சியாட்டில் கூடத்தை 2025இல் மூடிவிட்டார்கள் என்பது வேறு கதை. டோக்கியோக் கட்டடத்தின் வெளித்தோற்றத்தை வடிவமைத்தவர் கெங்கோ குமா. ஒலிம்பிக் போட்டிக்காக அந்நகரில் எழுப்பிய புதிய தேசிய விளையாட்டரங்கின் வடிவமைப்பிலும் பங்கு கொண்டவர் அவர். மெகுரோ ஆற்றங்கரையில் நான்கு தளங்களாக நிற்கும் இந்தக் கட்டடத்தில் மரமும் கண்ணாடியும்தான் முதலில் கண்ணில் படும்; உள்ளே நுழைந்ததும் தளங்களை ஊடுருவிக்கொண்டு ஏறத்தாழ 17 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் செம்புக் கலம் மற்ற எல்லாவற்றையும் மறக்கடித்துவிடும். அதன் மேல் செம்பிலேயே செய்த செர்ரிப் பூவிதழ்களைப் பதித்திருக்கிறார்கள்.

பலரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தக் கலத்துக்கு ஒரு வேலையும் உண்டு. வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு நிறையத் தங்கியிருக்கும். அது ஓரளவு வெளியேறும்வரை கொட்டை ஆறியிருக்க வேண்டும், இல்லையென்றால் வெந்நீர் ஊற்றும்போது வாயு பொங்கி, நீர் தூளுக்குள் சரியாக இறங்காது. அப்படி ஆறப்போடும் இடம் அது. அங்கிருந்து குழாய்கள் வழியாகக் கொட்டை காப்பி தயாரிக்கும் மேடைக்கு வந்து விழுகிறது.

நீங்கள் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் வறுவல் எந்திரத்தின் பக்கம். கோணியிலிருந்து வரும் பச்சைக் கொட்டைக்கு நமக்குத் தெரிந்த காப்பி வாசனையே கிடையாது. உலர்ந்த புல்லின் மணம்தான் இருக்கும். சுழலும் உருளைக்குள் போனதும் முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பேறி, ஏறத்தாழ 195 டிகிரி செல்சியஸ் சூட்டை நெருங்கும்போது சோளம் பொரிவதுபோல் படபடவென்று வெடிக்கத் தொடங்கும். உள்ளே இருந்த ஈரம் நீராவியாகிக் கொட்டையைப் பிளக்கும் ஒலி அது. வறுப்பவர் ஒரு நீண்ட குழிக் கரண்டியை உருளையிலிருந்து அடிக்கடி வெளியே இழுத்து, கொட்டையின் நிறத்தைப் பார்த்து, முகர்ந்துவிட்டு மீண்டும் உள்ளே தள்ளுவார். அந்த முதல் வெடிப்புக்குப் பிறகு எத்தனை விநாடி விட்டு வெளியே கொட்டுகிறார் என்பதில்தான் காப்பியின் குணமே தீர்மானமாகிறது. வெளியே கொட்டியதும் துடுப்புகள் சுழலும் தட்டில் காற்றை இழுத்துச் சில நிமிடங்களில் ஆற்றிவிடுவார்கள். தாமதித்தால் தன் சூட்டிலேயே கொட்டை மேலும் வறுபட்டுவிடும். நம் ஊர்க் காப்பிப் பொடிக் கடைகளில் இந்த வேலை பெரும்பாலும் பின்கட்டில்தான் நடக்கிறது, தெருவுக்கு வாசனை மட்டுமே வருகிறது. அதைக் கண்ணெதிரே கொண்டுவந்து வைத்ததற்காகவே இவர்களுக்கு என் ஓட்டு.

மார்ச் கடைசி என்பது மெகுரோ ஆற்றின் இருகரையிலும் செர்ரி பூக்கும் காலம். அந்நாட்களில் கூட்டம் அலைமோதும், எண் சீட்டு வாங்கிக்கொண்டு காத்திருக்க நேரலாம். வார நாளில், காலையில் கடை திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது நல்லது. நகாமெகுரோ ரயில் நிலையத்தில் இறங்கி ஆற்றையொட்டிக் கால்மணி நேரம் நடந்தால் போதும். ஜப்பானில் எங்குமே அன்பளிப்புக் காசு வைக்கும் வழக்கம் இல்லை. மேசையில் காசு விட்டுவந்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள்.

கேள்வி: இம்மாதிரி இடங்களில் எதைக் கேட்டு வாங்குவது? ஒரு முறை வெளிநாட்டில் குடித்த கறுப்புக் காப்பி புளித்தது; கெட்டுப்போனதோ என்று சந்தேகப்பட்டேன். – எஸ்.ஆர்., திருச்சி

பதில்: கெட்டுப்போகவில்லை. இளம் வறுவலில் கொட்டையின் இயல்பான அமிலங்கள் அழியாமல் இருக்கும், அதுதான் நாக்கில் புளிப்பாகத் தெரிகிறது. வறுவல் ஏற ஏறப் புளிப்பு குறைந்து கசப்பு மேலெழும். நாம் சிக்கரி கலந்த கரு வறுவலுக்கும் பாலுக்கும் பழகிய நாக்குக்காரர்கள். பால் போட்டால் இளம் வறுவலின் நுட்பமான மணமெல்லாம் அமுங்கிப்போகும், திக்கான டிகாக்‌ஷனும் கிடைக்காது, இரண்டும் கெட்டதாகிவிடும்.

ஆகவே ஒரே கொட்டையை இரண்டு முறையில் தயாரித்துத் தரச் சொல்லி இருவரும் பகிர்ந்து குடித்துப் பாருங்கள். அதில் ஒன்று சைஃபன் முறையாக இருக்கட்டும், ஏனென்றால் அது பார்ப்பதற்கும் வேடிக்கை. கீழே இருக்கும் கண்ணாடிக் குடுவையில் நீர் கொதித்ததும் ஆவியின் அழுத்தம் வெந்நீரை மேல் குடுவைக்குத் தள்ளும். அங்கே காப்பித்தூளோடு கலக்கிவிட்டுச் சூட்டை அகற்றினால், கீழ்க் குடுவை குளிர்ந்து வெற்றிடம் உண்டாகி, டிகாக்‌ஷனைத் துணி வடிகட்டி வழியே சரேலென்று கீழே இழுத்துக்கொள்ளும். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய இந்தக் கருவியைக் கைவிடாமல் காப்பாற்றியவர்கள் ஜப்பானியர்கள்தான். கோப்பையைச் சற்று ஆறவிட்டுக் குடியுங்கள். சூடு தணிந்த பிறகே இளம் வறுவலின் இனிப்பு தெரியவரும். கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் நம் வழக்கம் இங்கே உதவாது.

கேள்வி: விஸ்கி பீப்பாயில் ஊறிய காப்பி என்று சில வறுவல் கூடங்களின் பட்டியலில் இருக்கிறதாமே, மது தொடாதவர்கள் அதைக் குடிக்கலாமா? – ஒரு வாசகர், மதுரை

பதில்: விஸ்கியை வடித்தெடுத்த வெற்றுப் பீப்பாயில் பச்சைக் கொட்டையைச் சில வாரங்கள் வைத்திருந்து, பிறகு வறுக்கிறார்கள். வறுக்கும் சூட்டில் மது ஆவியாகிவிடும், மணம் மட்டுமே தங்கும். ஆனால் அந்த மணமே வேண்டாம் என்பவர்கள் தவிர்த்துவிடலாம். டோக்கியோக் கூடத்தின் மூன்றாம் தளத்தில் உண்மையான மதுக்கலவைகளையே விற்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். பெயரைப் பார்த்து மட்டும் கேட்டுவிடாமல், என்ன கலந்திருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இவ்வளவு ஆடம்பரம் வேண்டாம், டோக்கியோவில் பழைய காப்பிக் கடை ஏதாவது உண்டா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: கின்சாவில் 1948இல் தொடங்கிய ‘கஃபே தெ லாம்ப்ர்’ இருக்கிறது. காப்பியைத் தவிர வேறெதுவும் விற்பதில்லை என்பதையே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சிறிய கடை அது; துணி வடிகட்டியில் நீரை நூலாக விட்டு வடிக்கிறார்கள், பல ஆண்டுகள் பாதுகாத்துவைத்த பழைய கொட்டையும் கிடைக்கும். அதைத் தொடங்கிய இச்சிரோ செகிகுச்சி நூறு வயதைக் கடந்து வாழ்ந்து 2018இல் மறைந்தார். கரு வறுவல் பிடித்த நம்மவர்களுக்கு நகாமெகுரோவைவிட இந்தக் கடையின் காப்பி ஒத்துப்போகும் என்பது என் கருத்து. முடிந்தால் இரண்டுக்கும் வெவ்வேறு நாளில் போங்கள்.

கேள்வி: வறுவல் கூடத்தில் கொட்டை வாங்கி வந்தால் நம் பித்தளை ஃபில்டரில் போடலாமா? – ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: போடலாம், ஆனால் கடையில் வறுவல் தரம் கேட்டுக் கரு வறுவலாக வாங்குங்கள். பொடியாக வாங்காமல் கொட்டையாகவே எடுத்து, பையில் வறுத்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். பையின் முகப்பில் இருக்கும் சிறு வால்வு, வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாமல் தடுப்பதற்கானது. அதன் மேல் ஒட்டுப்பட்டை ஒட்டிவிடாதீர்கள். ஊருக்கு வந்ததும் காப்பி அரவைக் கடையில் கொடுத்தால், அவர்கள் எந்திரத்தில் தங்கியிருக்கும் சிக்கரியும் பிறர் தூளும் கலந்துவிடும். வீட்டில் சிறிய கையரவைக் கருவி இருந்தால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள். சிக்கரி இல்லாத தூள் என்பதால் டிகாக்‌ஷன் சற்று நீர்த்துத்தான் இறங்கும். வழக்கத்தைவிட ஒரு கரண்டித் தூள் கூடப் போட்டு, பாலைக் குறைத்துக் கலந்து பாருங்கள்.