அமெரிக்கப் புரட்சிப் போரில் மார்பிள்ஹெட் மீனவர்களின் ரெஜிமென்ட் என்ன செய்தது?

ஜான் குளோவர் தலைமையிலான இந்தக் காலாட்படை ரெஜிமென்ட்டில் பெரும்பாலும் மாசசூசெட்ஸ் கடலோர ஊரான மார்பிள்ஹெட்டின் மீனவர்களும் மாலுமிகளும்தான் இருந்தார்கள். 1776-இல் இது, பிரிட்டனை எதிர்த்த அமெரிக்கக் குடியேற்றங்களின் பொதுப்படையான கான்டினென்டல் ராணுவத்தில் 14-ஆவது ரெஜிமென்ட் ஆனது.

அந்த ஆகஸ்டில் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் பிரிட்டிஷாரிடம் தோற்ற வாஷிங்டனின் படை ஆற்றங்கரையில் மாட்டிக்கொண்டது. 29-ஆம் தேதி இரவு முழுக்கச் சத்தமில்லாமல் படகு வலித்து, சுமார் 9,000 பேரை மன்ஹாட்டனுக்குக் கொண்டுசேர்த்ததில் இவர்கள் பங்கு பெரியது. விடிந்த பிறகும் மூடுபனி கைகொடுத்தது. அன்று அந்தப் படை பிடிபட்டிருந்தால் புரட்சியே அதோடு முடிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அக்டோபரில் நியூயார்க் அருகே பெல்ஸ் பாயின்ட்டில் பிரிட்டிஷாரோடு சண்டை. அப்புறம் டிசம்பர் 25 இரவு, பனிக்கட்டி மிதந்த டெலவேர் ஆற்றில் சுமார் 2,400 வீரர்களை பீரங்கிகளோடு அக்கரை சேர்த்துவிட்டு, மறுநாள் காலை நியூ ஜெர்சியின் டிரென்டன் ஊரிலும் போரிட்டார்கள்.

ஆண்டு முடிவில் ஒப்பந்தக் காலம் முடிந்து ரெஜிமென்ட் கலைந்தது. பலர் கடலுக்கே திரும்பினார்கள்.